முழுகாம இருக்கியளா?

ஏங்க, அந்த ஜன்னல் ஓரத்த எனக்குக் குடுப்பியளா? வாந்தி வரும், அதான். பயப்படாதிய, உங்க சேலையில பட விடமாட்டேன், கையில எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன். கயத்தாறு தாண்டிட்டா ஒண்ணும் செய்யாது. நீங்களும் கோவில்பட்டிதானா? நல்லதாப் போச்சு. இந்தாங்க, எடுத்துக்கோங்க, இன்னும் சூடு ஆறல. அல்வா. முன்னப்பின்ன தெரியாதவ அல்வா குடுக்காளேன்னு நெனைக்காதிய, இது நெசமான அல்வாதான். இன்னைக்கு பக்கத்துல யாரு உக்காந்தாலும் குடுக்கணும்னு நெனைச்சுக்கிட்டே ஏறினேன். கண்டக்டருக்குக் குடுத்துட்டேன். டிரைவருக்கும் நீட்டினேன், வண்டி ஓட்டயில வேண்டாம்மான்னுட்டாரு.

எதுக்குன்னு சொல்லுதேன். அதுக்கு முன்னாடி, உங்க பிள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடம் போயிருக்குமே, யாரு கூப்பிட்டு வருவா? என்னது, கல்யாணமே ஆகலையா? அப்ப கழுத்துல மஞ்சக் கயிறு... ஓ, ஐடி கார்டா! நான் தாலின்னுல்லா நெனைச்சேன். டீச்சரா நீங்க? கணக்கு டீச்சராத்தான் இருக்கணும், முகத்துலயே தெரியுது. என்ன, விளையாட்டு டீச்சரா? சரி விடுங்க. ஆளப் பாத்த மட்டுல சொல்லிருவேன் டீச்சர் நான், என் வேலையே அதுதான். ஆயிரத்துல ஒண்ணு தப்பும்.

என் பேரு சண்முகக்கனி. கோவில்பட்டியில ஒரு ஸ்கேன் சென்டர்ல முன்னாடி உக்காந்திருக்கேன். பதினோரு வருஷமாச்சு. எக்ஸ்ரே எடுக்க யாரு வந்தாலும் என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும். பேரு, வயசு, எங்கன வலி, எல்லாம் நான்தான் பாரத்துல எழுதணும். பொம்பளையாளுன்னா கூடுதலா ஒரு கேள்வி. 'தாங்கள் கருவுற்று இருக்கிறீர்களா?' ஆமா இல்லைன்னு ரெண்டு கட்டம். டிக் போடணும். என் தலைக்கு மேல ஒரு போர்டும் தொங்கும், 'கருவுற்ற பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்'னு. அது எங்க வீட்டுக்காரரு எழுதினது. போர்டு எழுதறதுதான் அவருக்குத் தொழில். பேரு இசக்கிப்பாண்டி. அதோ, கடைசி சீட்டுல கழுத்த நீட்டி ரோட்டோரப் போர்டெல்லாம் வாசிச்சுக்கிட்டு வாராரே, அவருதான். எழுத்து சரியில்லைன்னா அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

அந்தக் கேள்வியை அச்சுல இருக்கபடி கேட்டா எங்க ஊர்ல யாருக்கு வெளங்கும்? 'முழுகாம இருக்கியளா'ன்னுதான் நான் கேப்பேன். அப்படிக் கேட்டா எந்தப் பிள்ளைக்கும் புரியும். அப்படித்தான் நெனைச்சிருந்தேன். ஒரு நா பேங்க்குக்குப் புதுசா வந்த மெட்ராஸ் பிள்ளை ஒண்ணு, இடுப்பு வலின்னு வந்து நின்னுச்சு. முழுகாம இருக்கியளான்னு கேட்டேன். அதுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. 'என்னங்க இப்படிக் கேக்குறீங்க, நான் தினமும் ரெண்டு வேளை குளிக்கிறவ'ன்னுச்சு. சரி, புரியலை போலன்னு, 'நாள் தள்ளிப்போயிருக்கா'ன்னு மாத்திக் கேட்டேன். 'ஆமாங்க, நேத்தே வரவேண்டியது, லீவு கிடைக்கலை'ங்குது! உள்ள எக்ஸ்ரே எடுக்கிற சூசை சிரிச்ச சிரிப்புல, மூச்ச இழுத்துப் பிடிச்சு நின்னுக்கிட்டிருந்த தாத்தா ஒருத்தரும் சேந்து சிரிச்சு, அவரு படம் வீணாப் போச்சு. வயித்துல பிள்ளை இருக்காம்மான்னு பச்சையாக் கேட்ட பெறகுதான் அது 'ஓ, அதுவா, இல்லைங்க'ன்னுச்சு.

லேசான வேலை இல்ல டீச்சர். மாமியா கூட நின்னா மருமக வாயத் திறக்கமாட்டா. மாமியாள தண்ணி புடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டுக் கேக்கணும். சில பிள்ளைக அப்பவும் தரையப் பாக்கும். அதுகளுக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன். குரலத் தாழ்த்தி, 'இங்க பாரு, மறைக்காத. ஒரு படம் எடுத்தாலே போதும், வயித்துல இருக்க பிள்ளைக்குக் கண்ணு முளைக்காது'ன்னுருவேன். எப்பேர்ப்பட்ட பிள்ளையும் கக்கிரும். யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தா? யாரும் இல்ல, நானாச் சொன்னதுதான். முதல்ல காது கேக்காதுன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கு அவ்வளவா பயப்படலை. கண்ணுதான் எடுபட்டுச்சு.

எல்லாரையும் கேக்கமாட்டேன். தலை நரைச்சவுக, நாப்பது தாண்டினவுக, புருசன் இல்லாதவுக, இவுகளக் கேட்டா மனசு சங்கடப்படும்லா? முகத்தப் பாத்து நானே இல்லைன்னு டிக் போட்டுருவேன். எங்க டாக்டரம்மா, கிரேஸ் நவமணின்னு பேரு, தங்கமான ஆளு, அதுக்கு மட்டும் என்னை வைவாக. 'கனி, பன்னெண்டு வயசுல இருந்து அம்பது வரைக்கும் எல்லாரையும் கேக்கணும். முகம் பாக்காத'ம்பாக. நான் தலையாட்டுவேன். அவுக படிச்சவுக, எனக்கு அனுபவம். பதினோரு வருஷத்துல என் டிக்கு ஒண்ணுகூடத் தப்பினது கெடையாது.

இப்ப ஆடி மாசம் நடந்ததச் சொல்லுதேன். அவரு வண்டியில பின்னால உக்காந்து போனேன். வேகத்தடையில ஒரு தூக்கு தூக்குச்சு, பொத்துன்னு ரோட்டுல உக்காந்துட்டேன். வண்டி போயிருச்சு! அவரு எதுத்தாப்புல ஒரு போர்டப் பாத்து, 'ஏ கனி, ற-வ ர-ன்னு எழுதியிருக்கான் பாரு'ன்னு பேசிக்கிட்டே தெருமுனை வரைக்கும் போயிட்டாரு. மறுநாள் இடுப்பு நிமிரலை. மத்தியானம் கூட்டம் இல்ல, சூசை கூப்பிட்டான். 'யக்கா வாங்க, ஒரு படம் பாத்திரலாம்'னான். நம்ம சென்டருதானேன்னு டாக்டரம்மாகிட்டகூடக் கேக்கலை. என் பாரத்த நானே எழுதினேன். பேரு சண்முகக்கனி. வயசு நாப்பத்தொண்ணு, முப்பத்தெட்டுன்னு போட்டேன். கேள்வி வந்துச்சு. கை தானாப் போயி இல்லைன்னு டிக் போட்டுச்சு. யோசிக்கவே இல்ல. கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம் டீச்சர். போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் இனி போதும்னு விட்டாச்சு.

முன்னால ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம். பக்கவாட்டுல படுக்கயில சூசை 'முழுகிட்டியளா யக்கா'ன்னு கேட்டான், எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்து ஆடிட்டேன். அதனால இன்னொண்ணு எடுத்தான். ஆக மூணு படம். எலும்புக்கு ஒண்ணுமில்ல.

ஆவணி போச்சு. தலைக்கு ஊத்திக்கவே இல்ல நான். சரி, வயசாயிருச்சு, மாசத் தீட்டு நின்னுபோச்சு போலன்னு நெனைச்சேன். அதுக்கு ஒரு அழுகை அழுதேன், சும்மா சொல்லக்கூடாது. காலையில கொமட்டும். அவரு பெயிண்ட் வாடைன்னு டப்பா எல்லாத்தையும் வீட்டுக்கு வெளிய தூக்கிப்போட்டு சண்டை போட்டேன். நெஞ்செரிச்சலுக்கு இஞ்சிச் சாறு குடிச்சேன். டாக்டரம்மாதான், பித்தப்பையில கல்லு இருக்கும், படு, பாத்துருவோம்னாக. இது எக்ஸ்ரே இல்ல, வயித்துல பசை தடவிப் பாக்கிற ஸ்கேன். அது சத்தத்த வச்சுப் படம் காட்டுறது, அதுல கதிரு கெடையாது.

தேச்சாக, தேச்சாக, தேச்சுக்கிட்டே இருந்தாக. பெறகு, 'கனி, யாரு இது?'ன்னாக. தலையத் தூக்கித் திரையப் பாத்தேன். ஒரு குட்டிப் பிள்ளை, காலு ரெண்டையும் உதறுது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'டாக்டர், முன்னால வந்த பொம்பளை படத்த அழிக்காம விட்டுட்டிய'ன்னேன். டாக்டரம்மா அந்தக் கருவிய என் வயித்துல இப்படி ஒரு அமுக்கு அமுக்கினாக. திரையில அதுவும் துள்ளுச்சு.

கண்ணத் தொடைச்சுக்கோங்க டீச்சர். நானே அழலை, நீங்க அழுதிய. நான் சிரிச்சேன். அரை நிமிசம் சிரிச்சேன். பெறகுதான் அந்த மூணு படம் ஞாபகம் வந்துச்சு.

அப்பவே டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அவுக தேதியக் கேட்டாக, சூசையக் கூப்பிட்டு மெசின்ல எவ்வளவு வச்சு எடுத்தான்னு கேட்டு, ஒரு தாள்ல எழுதிக் கணக்குப் போட்டாக. 'கனி, இந்தக் கதிருக்கு ஒரு அளவு இருக்கு. அம்பதுக்குள்ள இருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நூறு தாண்டினாத்தான் பயப்படணும். உனக்கு மூணு படத்துக்கும் சேத்து அஞ்சுகூட வராது. இதுக்காகப் பிள்ளையக் கலைக்கணும்னு எந்த டாக்டரும் சொல்லமாட்டாங்க'ன்னாக. பொறுமையா ரெண்டு தடவை சொன்னாக. நான் சரி டாக்டர், சரி டாக்டர்னேன். என் காதுல விழுந்தது ஒண்ணே ஒண்ணுதான். கண்ணு முளைக்காது. கண்ணு முளைக்காது. என் குரலுதான் டீச்சர். ரகசியமா, தாழ்த்தி.

எங்க வீட்டுக்காரரு போன்ல சேதி சொன்னாரு, சாயங்காலமே என் நாத்தனா பொன்னுத்தாய் வந்துட்டா. வந்தவ ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லலை. 'மதினி, இது நமக்கு வேண்டாம். ஒரு படம் எடுத்தாலே பிள்ளைக்குக் கண்ணு முளைக்காதாம். நீங்க மூணு எடுத்திருக்கிய'ன்னா. எனக்கு ஆத்திரம். எந்த மடச்சி உனக்கு இதச் சொன்னான்னு கேட்டேன். 'நீங்கதான மதினி சொன்னிய, என் மகளுக்குக் காலு படம் எடுக்க வந்தப்ப'ங்கா.

அவ மட்டுமா? எதுத்த வீடு சொல்லுது, பால்காரி சொல்லுதா, மருந்துக் கடைக்காரரு சொல்லுதாரு. கோவில்பட்டி பூராம் சொல்லுது. எல்லாம் என் வாயில இருந்து போனது. டாக்டரம்மா ஒத்தை ஆளு, நான் பதினோரு வருஷமா ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கேன். யாரு பேச்சு செல்லும்? பொன்னுத்தாய் திங்கக்கிழமைக்கு வேற ஒரு ஆஸ்பத்திரியில கலைக்கிறதுக்கு நாளும் குறிச்சுட்டா.

எங்க வீட்டுக்காரரு இந்த மாதிரி நேரத்துல பேச மாட்டாரு, எழுதுவாரு. சனிக்கிழமை சாயங்காலம் சென்டருக்கு வந்து, என் தலைக்கு மேல இருக்க போர்டையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாரு. பதினோரு வருஷத்துக்கு முன்னால அவரே எழுதினது. பெறகு சொன்னாரு, 'கனி, திங்கக்கிழமை போகணும்னு நீ சொன்னா கூட்டிட்டுப் போறேன். ஆனா, நான் தெரிவிக்கவும்னுதான் எழுதியிருக்கேன். கலைக்கவும்னு எழுதலை.' அவ்வளவுதான். வாசப்படியில உக்காந்து அழுதாரு. பெயிண்ட் கையோட மூஞ்சியத் தொடைச்சு, மூக்கெல்லாம் நீலம்.

அன்னைக்கு ராப்பூராம் எனக்கு ஒருத்தி முகம் வந்துக்கிட்டே இருந்துச்சு. பேச்சித்தாய்னு ஒரு பிள்ளை, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தா. அஞ்சு வருஷத்துக்கு முன்னால கை மெசின்ல மாட்டி மணிக்கட்டுக்குப் படம் எடுத்தா. ரெண்டு வாரம் கழிச்சு ஓடி வந்தா. 'யக்கா, இப்பத்தான் தெரியுது, நான் முழுகாம இருக்கேன். அன்னைக்குப் படம் எடுத்தோமே, ஒண்ணும் ஆகாதே'ன்னா. டாக்டரம்மா அன்னைக்கு வரலை. நான் என்ன செஞ்சிருக்கணும்? நாளைக்கு வந்து டாக்டரக் கேளுன்னு சொல்லியிருக்கணும். நான் குரலத் தாழ்த்தினேன். சொன்னேன். அவ முகம் செத்துப்போச்சு, எந்திரிச்சுப் போயிட்டா. அதுக்குப் பெறகு அவளப் பாக்கவே இல்ல. அவ என்ன செஞ்சான்னு அஞ்சு வருஷமா நான் ஒரு தடவைகூட நெனைச்சதும் இல்ல. அவ கலைச்சிருந்தா அந்தப் பாவம் எனக்குத்தான. எனக்குப் பயமா இருந்துச்சு டீச்சர். எம் பிள்ளைக்குப் பயந்தேன், அவ பிள்ளைக்கும் பயந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அவரக் கூட்டிக்கிட்டு இளையரசனேந்தல் பக்கம் அவ ஊருக்குப் போனேன். வண்டியில எப்படிக் கூட்டிட்டுப் போனாருங்கிய? ஆடு மேய்க்க வந்த ஆளு எங்களத் தாண்டிப் போயி, திரும்பிப் பாத்து, வண்டி ரிப்பேரான்னு கேட்டாரு. ஒவ்வொரு வேகத்தடைக்கும் இவரு இறங்கி, என்னையும் இறக்கி, கையப் புடிச்சு நடத்திட்டுப் போயி மறுபடியும் ஏத்தினாரு.

பேச்சித்தாய் வீட்டு வாசல்ல போயி நிக்கேன். உள்ள இருந்து ஒரு செருப்பு பறந்து வந்து என் முழங்கால்ல விழுந்துச்சு. பின்னாலயே ஒரு குட்டிப் பிள்ளை, நாலு வயசு, மூக்கு ஒழுகுது, இடுப்புல கைய வச்சுக்கிட்டு என்னை முறைக்குது. ரெண்டு கண்ணு டீச்சர்! இம்மாம் பெரிய கண்ணு! 'எங்க செருப்ப ஏன் எடுத்த?'ங்குது. நான் எங்க எடுத்தேன்! அதத் தூக்கி முத்தம் குடுத்தேன். கடிச்சு வச்சிருச்சு. இந்தா பாருங்க, இன்னும் தழும்பு இருக்கு. அவருகிட்டயும் காட்டினேன், பாருங்க பாருங்க, பல்லும் நல்லா முளைச்சிருக்குன்னு.

பேச்சித்தாய் வெளிய வந்தா. நான் அழுதுக்கிட்டே, 'நான் சொன்னத நீ நம்பலையா'ன்னு கேட்டேன். அவ ஒரு மாதிரிப் பாத்தா. 'மூணு நா சோறு எறங்கலைக்கா. பெறகு யோசிச்சேன், இவுக என்ன டாக்டரா? பாரம் எழுதுறவுகதான. மறுநா வந்து டாக்டரம்மாவக் கேட்டேன், அவுக சிரிச்சாக. மணிக்கட்டுக்கு எடுத்தது வயித்துக்கு எட்டாது, போயி பிள்ளையப் பெறுன்னாக. நீங்க அப்ப டீ குடிக்கப் போயிருந்திய'ன்னா.

பாரம் எழுதுறவளாம்! வேற நாளா இருந்தா அந்த இடத்துல ஒரு சண்டை நடந்திருக்கும். அன்னைக்கு அவ கையப் புடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். திங்கக்கிழமை எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலை. நேரா டாக்டரம்மாகிட்டப் போயி அந்தத் தாளக் கேட்டு வாங்கி, திரும்பச் சொல்லச் சொல்லி, உக்காந்து கேட்டேன். அப்பத்தான் காதுல ஏறுச்சு. 'உன்கிட்ட யாரு கனி இந்தக் கண்ணு கதையச் சொன்னது'ன்னு கேட்டாக. நான்தான் டாக்டர்னேன். வைவாகன்னு பாத்தேன். தலையில கைய வச்சு உக்காந்துட்டாக.

'கேள்வி கேக்கிறது பயமுறுத்த இல்ல கனி. இந்தப் படம் இப்ப தேவையா, தள்ளிவைக்கலாமா, வேற வழி இருக்கான்னு நான் யோசிக்கத்தான். கண்டிப்பா வேணும்னா பிள்ளை இருந்தாலும் எடுக்கத்தான் செய்வோம், பாத்து எடுப்போம். உன் இடுப்புக்கு அன்னைக்குப் படமே தேவையில்ல'ன்னாக. அதுல இருந்து நான் ஒருத்தரையும் விடுறதில்ல. எழுவது வயசுப் பாட்டியக் கேட்டேன், பொக்கை வாயத் திறந்து அப்படிச் சிரிச்சாக. பழக்கதோசத்துல மீசை வச்ச சர்வேயர் ஒருத்தரையும் கேட்டுட்டேன். பயந்தவுகளப் பாத்தா, ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு நானே சொல்லி அனுப்ப ஆரம்பிச்சேன். அதுக்கும் வசவு, 'அதையும் நீ சொல்லாத, என்கிட்ட அனுப்பு'ன்னு. அவரு போர்டுல கீழ ஒரு வரி சேத்திருக்காரு, 'எல்லாரிடமும் கேட்கப்படும்'. ற சரியாப் போட்டாரான்னு கேக்காதிய, அதுல ற-வே கெடையாது.

அப்ப என் டிக்கு தப்பிருச்சான்னா கேக்கிய? அது டிக்கு தப்பு இல்ல டீச்சர். கை தப்பு.

கயத்தாறு எப்பவோ போயிருச்சே! பேச்சுல வாந்தியையே மறந்துட்டேன். இன்னைக்குத் திருநெல்வேலியில அஞ்சாம் மாச ஸ்கேன். காலு, கையி, இருதயம், மூளை, ஒவ்வொண்ணாப் பாத்து எல்லாம் நல்லாருக்குன்னுட்டாரு டாக்டரு. கண்ணு சார்னேன். ரெண்டும் இருக்கும்மான்னாரு. இன்னொரு தடவை எண்ணுங்கன்னேன். எண்ணினாரு, பாவம். அதுக்குத்தான் இந்த அல்வா.

ஆனா ஒண்ணு. அங்க முன்னால உக்காந்திருந்த பிள்ளை, என்னை மாதிரியே பாரம் எழுதுறவ, என் நரைச்ச தலைய ஏற இறங்கப் பாத்துட்டு, 'பேஷண்ட் எங்கம்மா, வெளிய நிக்காங்களா?'ன்னு கேட்டா. சிரிப்பு வந்துச்சு. பெறகு கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு. பதினோரு வருஷத்துல எத்தனை ஆயிரம் பேரக் கேட்டிருப்பேன்! என்னை ஒருத்தர் கேட்டதில்ல. கல்யாணமான புதுசுல கேட்டாக, பெறகு கேட்டா நான் சங்கடப்படுவேன்னு நிறுத்திட்டாக. சூசை கேலிக்குக் கேட்டான், நெசமாக் கேக்கலை. என்னை நானே கேக்கலை. தெரிஞ்ச பெறகு எல்லாரும் எத்தனை படம்னுதான் கேட்டாக.

அந்தா பாலம் தெரியுது, ஊரு வந்துருச்சு. டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நீங்க என்னைக் கேளுங்களேன். அந்தக் கேள்வியத்தான். என்ன வெக்கம், விளையாட்டு டீச்சர்தான நீங்க, விசில் ஊதுற வாயிதான? கேளுங்க.

ஆமாங்க. முழுகாமத்தான் இருக்கேன்.

இன்னொரு தடவை கேளுங்க, சத்தமா. கடைசி சீட்டுல இருக்கவருக்கும் கேக்கட்டும்.